கருவாட்டு வாசம் போகாத வீடு

மலைக்கு இந்தப் பக்கமா ஒரு ஊரு. அங்க பேச்சிமுத்துன்னு ஒரு மாட்டுவண்டிக்காரன் இருந்தானாம். வீட்டுல அவனும் கல்யாணமாகாத தங்கச்சி இசக்கியும்தான். அப்புறம் அவன் கடக்கரை ஊர்லருந்து செல்லக்கிளின்னு ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டு வந்தான். அவ மாசமாயிட்டா. மாசமா இருக்கறவளுக்கு நாக்கு சும்மா கெடக்குமா? கருவாட்டுக் கொழம்புக்கு ஏங்குச்சு. அம்மா குடுத்து விட்ட கருவாட்டக் கழுவி, புளியக் கரைச்சு, கொழம்பு வச்சு ஆசை தீரத் தின்னா.

மறுநாள் இசக்கி மூக்கப் பொத்திக்கிட்டு, "என்ன மதினி, வீடா இது? இப்படி நாறுது!"ன்னா.

செல்லக்கிளி கதவு சன்னலெல்லாம் தொறந்து வச்சா, வாசம் போயிருச்சு. விடிஞ்சா மறுபடியும் நாத்தம். சாணி போட்டு மெழுகி, சாம்பிராணி போட்டா, போயிருச்சு. விடிஞ்சா மறுபடியும் நாத்தம். எலுமிச்சந்தோலத் தண்ணியில போட்டுக் கொதிக்க விட்டா, வீடே மணந்துச்சு. விடிஞ்சா? நீங்களே சொல்லுங்க! ஆமா, அதே நாத்தம்.

எப்படிங்கிறீங்களா? இந்த இசக்கி இருக்காளே, அவதான் தெனம் ராத்திரி யாரும் பாக்காதப்போ ஒவ்வொரு கருவாட்டுத் துண்டா எடுத்துக் கூரை இடுக்குல சொருகி வச்சா. கூடவே அண்ணங்கிட்ட, "ஒம் பொண்டாட்டி மேலயே அந்த வாசம் ஊறிப்போச்சுண்ணே"ன்னு ஓதுனா.

பேச்சிமுத்துக்குச் சோறு எறங்கல. "நீ ஒங்கம்மா வீட்டுக்குப் போ. அப்புறம் பாப்போம்"னுட்டான்.

"எப்ப மச்சான் கூப்பிட வருவீய?"ன்னு கேட்டா. அவன் மாட்டப் பூட்டப் போயிட்டான். பாவம், அழுதுக்கிட்டே துணிய மூட்டை கட்டிட்டு வண்டியில ஏறுனா.

வழியனுப்ப இசக்கியும் வாசலுக்கு வந்தா. மதினி போனதும் நாத்தமும் போகணுமேன்னு, கூரையில சொருகுனதுல கைக்கு எட்டுன ஒரு துண்ட உருவி மடியில ஒளிச்சு வச்சிருந்தா. எங்கருந்தோ ஒரு பூனை வந்து அவ கால உரசுச்சு. பின்னாலயே இன்னொண்ணு. அப்புறம் தெருப்பூனை எல்லாம் வந்து சுத்தி நின்னு மியாவ் மியாவ்னு கத்துச்சு. ஒரு கடுவன் பூனை பாஞ்சு மடியப் பிடிச்சு இழுக்க, தொப்புனு விழுந்துச்சு கருவாடு!

தெருவே பாத்துச்சு.

"ஏன் தாயி இப்படிப் பண்ணுன?"ன்னு அண்ணன் கேட்டான்.

"முன்னெல்லாம் நான் சாப்பிட்டனான்னு கேக்காம நீ கை நனைக்க மாட்டியே. இப்பக் கேக்குறியா?"ன்னு அவ ஓன்னு அழுதா.

"மூட்டையக் கட்டிக்கிட்டுப் போக வேண்டியவ நீதான்! சித்தி வீட்டுக்குப் போ!"ன்னு அவன் கத்துனான்.

செல்லக்கிளி வண்டியிலருந்து எறங்குனா. "அவளும் போயி அழணுமா? நான் அழுதது போதும் மச்சான். அவ சொருகுனத அவளே எடுக்கட்டும். நீங்களும் இனிமே அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க"ன்னா.

இசக்கி ஏணி வச்சு ஏறிக் கூரையெல்லாம் தொழாவுனா, சட்டிபானை தேய்ச்சா, செவரக் கழுவுனா. வீட்டு நாத்தம் அன்னைக்கே போயிருச்சு. அவ கையில ஒட்டுனது மட்டும் லேசுல போகல. தண்ணிக்குப் போனாலும் பூனை, கடைக்குப் போனாலும் பூனை, கோயிலுக்குப் போனாலும் பின்னால பூனை! ஊரே சிரிச்சுச்சு. செல்லக்கிளிதான் தெனமும் அவளப் பக்கத்துல உக்கார வச்சு, புளியத் தேய்ச்சுக் கை கழுவி விட்டா.

பொம்பளப்புள்ள பொறந்துச்சு. மொதல்ல அத்தை இசக்கி கையிலதான் குடுத்தாங்க. அன்னைக்கு அந்த வீட்டுல கருவாட்டுக் கொழம்புதான். அங்க கொழம்பு எறங்கிருச்சு, இங்க கதையும் எறங்கிருச்சு. கண்ண மூடுங்க.