காலில் ஒட்டிய தீவு

மேலச்சுரைப்பட்டிக்காரர்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது. சிரிப்பில் புரையேறும், அப்புறம் தலையில் தட்ட ஆள் தேட வேண்டும். துப்பிவிட்டு வந்துவிட்டீர்களா? சரி, கேளுங்கள்.

அந்த ஊரில் சடையாண்டி என்று ஒருவர். நல்ல மனுஷன், மாடுகூட அவரைப் பார்த்துக் கோபமாகத் தலையாட்டியதில்லை. அவருக்கு ஒரே மகள், முத்திருளாயி. கடலோரத்தில் ஐஸ் கடை வைத்திருக்கும் ராக்கப்பன், தன் மகன் செந்தூரானுக்கு அவளைக் கேட்டு வந்தார். பெண்ணைப் பார்த்தார், பிடித்துவிட்டது. காபி குடித்தார், அதுவும் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா வானம் கறுக்க வேண்டும்! "சம்பந்தி, வண்டி புதுசு. மழையில நனையாமப் பார்த்துக்குங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

சடையாண்டி வீடு சின்ன வீடு. மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து பாயில் நிறுத்தினார்கள். இடம் போதவில்லை. அதனால் விருந்தாளிகளை ஒவ்வொருவராக மரியாதையோடு வாசலுக்கு அனுப்பினார்கள். கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு ராக்கப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சடையாண்டியின் அக்கா பவுனுத்தாயி, அவருடைய வண்டிக்குத் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் ராக்கப்பன் தும்மிக்கொண்டே முடிவைச் சொன்னார்.

"பொண்ணு தங்கம். ஊருதான் பயமா இருக்கு. நாளைக்குச் சம்பந்தக்காரங்கன்னு நீங்க வந்து நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? ஒண்ணு பண்ணுவோம். எங்க ஊருக்கு எதிர்த்தாப்புல நண்டுத்தீவுன்னு ஒண்ணு இருக்கு. தேசியப் பூங்கா. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க சனத்தோட போய்ச் சுத்திப் பாருங்க. அங்கே லூர்தம்மாள்னு ஒரு காவல்காரம்மா இருக்கு. அது சொல்ற விதி ஒண்ணைக்கூட மீறாம, ஒரு புகாரும் வராம ஒரே ஒரு நாள் இருந்து காட்டுங்க. சாயங்காலப் படகுல நானே பரிசத் தட்டோட வர்றேன். புகார் வந்துச்சு, தட்டு வந்த வழியே திரும்பிரும்."

அவர் போனபிறகு முத்திருளாயி கதவு மறைவிலிருந்து வந்தாள். "அப்பா, எனக்கு அந்தச் சம்பந்தம் பிடிச்சிருக்கு" என்றாள். சொன்ன வேகத்தில் உள்ளே போய்விட்டாள். இந்த ஒன்றை மட்டும் கெடுத்துவிட்டால் மகள் முகத்தில் முழிக்க முடியாது என்று சடையாண்டி நினைத்தார்.

ஆகவே ஊரிலேயே புத்திசாலிகளாகப் பார்த்துப் பொறுக்கினார். முதல் ஆள் அவர் பெண்டாட்டியின் தம்பி குருந்தன். கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பவன், திறந்தால் தீர்ப்புதான். அடுத்தது பக்கத்து வீட்டு உக்கிரபாண்டி. யோசிக்கிற வழக்கமே கிடையாது, ஆனால் நெல் மூட்டையைத் தலையணை மாதிரி தூக்குவான். அக்கா பவுனுத்தாயியைக் கூப்பிடவே வேண்டாம், அவளே வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "என்ன சொன்னாலும் சொன்னபடி செய்யணும். சொந்தப் புத்தியை யாரும் எடுக்கக் கூடாது" என்று சடையாண்டி எச்சரித்தார். எடுக்க அங்கே என்ன இருந்தது, விடுங்கள்.

படகுத்துறையில் லூர்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, தலையில் தொப்பி, வாயில் விசில்.

"அண்ணே, அடியில கண்ணாடி பதிச்ச படகு இது. ஏறி உக்காந்தா அசையக் கூடாது" என்றாள்.

அசையவில்லை. மீன் வாடைக்கு வந்த ஈ ஒன்று குருந்தன் மூக்கில் உட்கார்ந்து, காலைத் தேய்த்து, குடும்பமே நடத்தியது. குருந்தன் அசையவில்லை. "அந்தா பாருங்க, ஆமை!" என்று லூர்தம்மாள் கத்தினாள். ஒரு கழுத்தும் திரும்பவில்லை. அவளுக்கே பயமாகிவிட்டது. "ஏண்ணே, மயக்கமா? குனிஞ்சு கீழயாவது பாருங்க, பவளப்பாறை தெரியுது!"

குனிந்தார்கள். நீல மீனும் மஞ்சள் மீனும் கண்ணாடிக்குக் கீழே கல்யாண ஊர்வலம் மாதிரி போயின. பார்த்து ரசித்தார்கள். தீவு வந்தது. குனிந்தபடியே இறங்கி, குனிந்தபடியே மணலில் வரிசையாக நடந்தார்கள்.

"மாதாவே! எல்லாருக்குமா முதுகு பிடிச்சுக்கிச்சு?"

"இல்லைம்மா, நீங்க இன்னும் நிமிரச் சொல்லலையே" என்றார் சடையாண்டி தரையைப் பார்த்தபடி.

லூர்தம்மாள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். பிறகு "நிமிருங்க" என்றாள். எலும்புகள் படபடவென்று சொடக்குப் போட்டன.

தீவின் மறுபக்கம் தேங்கிய நீரில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. "நல்லாப் பாருங்க. ஆனா அதுங்க நம்மளைக் கண்டு பயப்படக் கூடாது" என்று லூர்தம்மாள் கிசுகிசுத்தாள்.

குருந்தன் கண்ணை மூடினான். எல்லோரும் காத்திருந்தார்கள். திறந்தான்.

"மச்சான், ஒரு ஆளைப் பார்த்தா பயம் எங்கேயிருந்து வருது?"

"எங்கேயிருந்து மாப்ளே?"

"மூஞ்சியிலேர்ந்து. நம்ம அய்யனாரை முன்னாடி நின்னு பார்த்துப் பயப்படாதவன் உண்டா? பின்பக்கம் போய்ப் பார்த்துப் பயந்தவன் உண்டா?"

"அதுவும் சரிதான்."

"அப்ப நாம முதுகைக் காட்டிக்கிட்டுப் பார்ப்போம்."

எல்லோரும் பறவைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரில் இருந்த முட்செடியைப் பக்தியோடு பார்த்தார்கள். நடுவில் உக்கிரபாண்டிக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்தான், காதைப் பிடித்தான், முடியவில்லை. ஒரே ஓட்டமாகக் கடலுக்குள் போய் முங்கி, அங்கேயே தும்மிவிட்டு, தலையில் கடற்பாசியோடு திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தான்.

"பறவை எப்படி?" என்றாள் லூர்தம்மாள்.

"நல்ல பறவை தாயி. பேசவே இல்லை" என்றாள் பவுனுத்தாயி.

"எத்தனையோ பேரைக் கூட்டியாந்திருக்கேன், இந்த மாதிரி சத்தம் போடாத ஆளுங்களைப் பார்த்ததில்லை" என்று லூர்தம்மாள் மனசாரச் சொன்னாள். சடையாண்டிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பாதிக் கல்யாணம் முடிந்தமாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். பக்கத்திலேயே ஒரு பலகை. 'இங்கே எதையும் விட்டுச் செல்லாதீர்கள்.' சடையாண்டி எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்கும், உக்கிரபாண்டி கையிலிருந்து ஒரு புளிச்சோற்றுப் பருக்கை விழுவதற்கும் சரியாக இருந்தது. எடுக்கக் குனிந்தார்கள். அதற்குள் நண்டு ஒன்று வந்து பருக்கையைத் தூக்கிக்கொண்டு வளைக்குள் போய்விட்டது.

போச்சு! சடையாண்டி வளை வாசலில் மண்டி போட்டார். "ஐயா நண்டு, பொம்பளைப் பிள்ளையைப் பெத்தவன் கேக்குறேன். குடுத்துருப்பா" என்று கெஞ்சினார். நண்டு கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டது.

"இதுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது போல. இரக்கமே இல்லை பாரு" என்றாள் பவுனுத்தாயி.

குருந்தன் கண்ணை மூடித் திறந்தான். "மச்சான், அழாதீங்க. நாம விட்டுட்டுப் போனாத்தானே குத்தம்? இது நாம இருக்கும்போதே அது எடுத்துக்கிட்டுப் போனது. புகார்னு வந்தா நண்டு மேலதான் வரும்."

அப்பாடா என்று மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

வெயில் தாழ்ந்தது. தூரத்தில் சாயங்காலப் படகு தெரிந்தது. லூர்தம்மாள் கடைசியாக விசில் ஊதி எல்லோரையும் கூட்டினாள். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இங்கேயிருந்து எதையும் எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது. சிப்பி, சங்கு, கல்லு எதுவும். இந்தத் தண்ணி, மண்ணு எல்லாமே பூங்காவோட சொத்து. ஒரு மணல்கூடப் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

மடியை உதறினார்கள், பையைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் இல்லை. சடையாண்டி நிம்மதியாகப் படகை நோக்கி ஒரு அடி வைத்தார். அப்போதுதான் தன் பாதத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, மணலு!"

எல்லோரும் தங்கள் தங்கள் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லாக் காலிலும் தீவு ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டுக் காலைக் கீழே வைத்தார்கள், மறுபடி ஒட்டியது. கடலில் கழுவினார்கள், காலெல்லாம் பூங்காவின் தண்ணீர். உலரட்டும் என்று கரைக்கு வந்து நின்றால், பழைய குருடி கதவைத் திறடி.

"அட, காலுல ஒட்டினதெல்லாம் ஒரு கணக்கா? படகு வந்ததும் ஏறுங்கண்ணே!" என்றாள் லூர்தம்மாள்.

சடையாண்டி குருந்தனின் காதருகே குனிந்தார். "பார்த்தியா மாப்ளே, இப்பதான் ஒரு மணல்கூடக் கூடாதுன்னுச்சு, இப்ப ஏறுங்கிறது. சம்பந்தி சொல்லி நம்மளைச் சோதிக்குது. மாட்டிக்கக் கூடாது."

"அதானே!" என்றான் குருந்தன்.

படகு வந்து முழங்கால் ஆழத்தில் நின்றது. படகோட்டிக்குப் பின்னால் ராக்கப்பன் பட்டுத்துண்டும் பரிசத் தட்டுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை செந்தூரான், புதுச் சட்டை, வாய் திறந்தபடி. "என்ன சம்பந்தி, ஏறலையா?" என்று ராக்கப்பன் குரல் கொடுத்தார்.

சடையாண்டி குருந்தன் கையைப் பிடித்து உலுக்கினார். "மாப்ளே, சீக்கிரம்!"

குருந்தன் கண்ணை மூடினான். திறந்தான். "ஒரு ஆளை இன்னொரு ஆள் தோள்ல தூக்கிக்கணும். கால் அந்தரத்துல தொங்கும். கழுவி, விசிறி, ஈரம் காஞ்சதும் அப்படியே படகுல வச்சிரணும். மணலும் வராது, தண்ணியும் வராது."

தேவலோகத்து யோசனை! உக்கிரபாண்டி தண்ணீரில் இறங்கி நின்றான். முதலில் பவுனுத்தாயி. "கூச்சமா இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே தோளில் ஏறினாள். காலைக் கழுவி, துண்டால் விசிறி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி படகில் வைத்தான். பிறகு குருந்தன். பிறகு சடையாண்டி. எல்லோரும் காலைத் தூக்கிப் பிடித்தபடி படகில் உட்கார்ந்தார்கள். ராக்கப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"கிளம்பலாம்" என்றான் படகோட்டி.

"இருப்பா, உக்கிரபாண்டி கீழ நிக்கிறான். அவனை யார் தூக்குறது?" என்றார் சடையாண்டி.

"என் பொண்ணு கல்யாணம், நானே இறங்குறேன்" என்று சடையாண்டி குதித்தார். முக்கி முனகி உக்கிரபாண்டியைத் தூக்கி, கழுவி, விசிறி, மேலே ஏற்றினார். இப்போது சடையாண்டி கீழே. அவரைத் தூக்கக் குருந்தன் குதித்தான். குருந்தனைத் தூக்க பவுனுத்தாயி குதித்தாள். பவுனுத்தாயியைத் தூக்க மறுபடி உக்கிரபாண்டி குதித்தான். லூர்தம்மாள் கரையில் உட்கார்ந்து, விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! இது என்ன கூத்து?" என்று ராக்கப்பன் கர்ஜித்தார்.

செந்தூரான் எழுந்து நின்றான். "அப்பா, இவங்க செய்யறதுல ஒரு தப்பு இருக்கு."

சடையாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. போச்சு, மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார்! கடலோரத்துப் பிள்ளை, நாலும் தெரிந்த பிள்ளை, இனி நம் வீட்டில் எங்கே பெண்ணெடுக்கப் போகிறார்? கதவு மறைவில் நின்ற மகளின் முகம் கண்முன்னே வந்தது. கண் கலங்கிவிட்டது.

"என்ன தப்பு மாப்பிள்ளை?" என்றார்.

"ஒருத்தர் ஒருத்தரா இறங்குறீங்கல்ல மாமா, அதனாலதான் ஒருத்தர் கீழ மிச்சமாயிடுறாரு. எல்லாரும் சேர்ந்தாப்புல இறங்கிட்டா?"

"இறங்கிட்டா?"

"மிச்சம்னு ஒருத்தர் எப்படி வருவாரு?"

கடல்கூட ஒரு நிமிஷம் அலை அடிக்கவில்லை. குருந்தன் மெதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் கண்ணை மூடி யோசிக்கிறேன் மச்சான். இவரு திறந்துக்கிட்டே யோசிக்கிறாரு!"

அடுத்த நொடி படகில் இருந்தவர்கள் எல்லோரும் தொபுக்கென்று குதித்தார்கள். செந்தூரானும் குதித்தான். "மாப்பிள்ளைன்னா இவருல்ல மாப்பிள்ளை!" என்று அவனை உக்கிரபாண்டி தோளில் தூக்கி ஆடினான்.

ராக்கப்பன் படகில் நின்றபடி பார்த்தார். பிறந்ததிலிருந்து தன் மகன் சொன்ன ஒரு யோசனையை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. மந்தம், மக்கு என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள். ஐஸ் கடையில் வெயிலில் ஐஸ் கட்டி காய வைத்தான் என்று ஊரே சிரித்தது. இன்றைக்குத்தான் அவனைத் தலைமேல் வைத்து ஒரு கூட்டம் ஆடுகிறது. ராக்கப்பன் பட்டுத்துண்டால் கண்ணைத் துடைத்தார். தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் குதித்தார்.

"லூர்தம்மா, இவங்க மேல ஏதாச்சும் புகார் உண்டா?"

"ஒண்ணும் இல்லை சாமி. வீட்டுக்குப் போனாப் போதும்" என்றாள் லூர்தம்மாள்.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி தட்டு மாற்றிக்கொண்டார்கள். பவுனுத்தாயி குலவை போட்டாள். பூநாரைகள் எல்லாம் பயந்து பறந்தன. சடையாண்டி சம்பந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மிச்சம் யாரும் இருக்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். சுருக்கென்றது.

"ஐயோ பாவம், அவரை மறந்துட்டமே! படகோட்டி மட்டும் தனியா மேல மாட்டிக்கிட்டாரு பாருங்க!"

"யோவ், கிட்ட வராதீங்க!" என்று படகோட்டி துடுப்பைத் தூக்கினான். ஆனால் உக்கிரபாண்டியிடம் அதெல்லாம் பலிக்குமா? தோளில் போட்டுப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் இறக்கிவிட்டான். ஆளில்லாத படகு அலையில் ஆடிக்கொண்டே மெல்ல ஊர்ப் பக்கம் நகர்ந்தது. அது போவதைப் பார்த்துச் சடையாண்டி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"பாருங்க சம்பந்தி, ஒரு மணல்கூட ஏத்திக்காமப் போகுது!"