திரும்பி வந்து கொடுத்தால் போதும்

கடலுக்குச் சற்றுத் தள்ளி, உடைமரமும் பனையும் அடர்ந்த காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. எந்தக் கோடைக்கும் வற்றாத குளம். அதன் கரையில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்று கொழுத்த காட்டுப்பன்றி ஒன்று வாழ்ந்தது. அதன் பெயர் கோரையன்.

கோரையனைப் பேரத்தில் ஜெயித்தவர் அந்தக் காட்டில் இல்லை. குரங்கு மரமேறி நாவல் பழம் உலுக்கிப் போட்டால், பதிலுக்குப் பன்றி கிழங்கு தர வேண்டும். பத்துக் கிழங்கு கேட்ட குரங்கை ஒரு கிழங்குக்கு இறக்கிவிடும். அந்த ஒன்றையும் பாதி கடித்துவிட்டுத்தான் நீட்டும். நீட்டியதோடு நிற்காது. குரங்கு ஏமாந்த கதையைக் குளத்தைச் சுற்றிச் சொல்லிக்கொண்டு திரியும்.

ஒரு நாள் காலை கடற்காகம் ஒன்று பறந்து வந்து, கரையோரப் பனையின் மட்டையில் உட்கார்ந்தது. கீழே பன்றி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. கவைக்கொம்பு வைத்த கவையன் என்ற புள்ளிமான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காதாயி என்ற முயல் புல் கடித்துக்கொண்டிருந்தது.

கடற்காகம் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பேச ஆரம்பித்தது. கடலுக்குள் பூமணல் தீவு என்று ஒன்று இருக்கிறதாம். அரித்தெடுத்த மாவு போல வெள்ளை மணலாம். ஆமைகள் பகலிலேயே கரையேறி முட்டையிடுமாம். ஓங்கில் மீன் கூட்டம் கரைக்குப் பக்கத்தில் துள்ளி விளையாடுமாம். பூநாரைகள் வந்து இறங்கினால் வானமே சிவந்துபோகுமாம். நாய் கிடையாது, நரி கிடையாது, வேட்டைக்காரன் கிடையாது.

“போறதுக்கு வழி?” என்று கேட்டது மான்.

அமாவாசையன்று கடல் உள்வாங்கும்போது மணல்திட்டு ஒன்று முதுகு காட்டும். அதன் மேல் நடந்து போகலாம். வழி தெரிந்தவன் மேலே பறந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதைமணலில் கால் வைக்க நேரும். மறுபடி அந்தத் திட்டு எழுவது பௌர்ணமிக்குத்தான். நடுவில் நீந்தித் திரும்பலாம் என்று எண்ண வேண்டாம், அங்கே நீரோட்டம் பொல்லாதது. இத்தனையும் கடற்காகமே சொன்னது. எதையும் ஒளிக்கவில்லை.

பன்றி சேற்றிலிருந்து எழுந்தது. பேரம் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்ற பசி அதன் கண்ணில் தெரிந்தது.

“வழி காட்ட என்னவே கேக்கிற?”

“பெருசா ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க சேத்தைக் கிளறும்போது மேல வர்ற குஞ்சு மீன். ஒரு பருவம் முழுக்க எனக்கு.”

பன்றி சிரித்தது. ஒரு பருவமா, நானென்ன குளத்தை எழுதி வைக்கவா வந்தேன் என்று கேட்டது. ஒரு மாதம் என்றது கடற்காகம். பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்து நாள் என்றது. பன்றி மறுபடி சேற்றில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இந்தப் படுக்கையில்தான் குரங்கு பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கும்.

“சரி அண்ணாச்சி, மூணு நாள்.”

“மூணு நாள். அதுவும் முன்னால கிடையாது. போயிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் தருவேன்.”

“திரும்பி வந்து கொடுத்தா போதும்” என்றது கடற்காகம். ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை.

கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற வியாபாரியைக் கண்டால் எழுந்து நடையைக் கட்ட வேண்டும். அந்த அறிவு பன்றிக்கு எங்கே இருந்தது? அது எழுந்து ஆடியது. “பாத்தியாலே கவையா? ஒரு பருவத்தை மூணு நாளா முறிச்சுப்புட்டேன்! அதுவும் கடைசியில” என்று மானின் விலாவில் முட்டியது.

அப்போதுதான் முயல் காதை நிமிர்த்தியது. “அவ்வளவு நல்ல இடம்னா ஏன் அண்ணாச்சி அங்க யாருமே குடியிருக்கல?”

கடற்காகம் அலகால் இறகைக் கோதிக்கொண்டது. பதில் சொல்ல வேண்டிய தேவை அதற்கு வரவில்லை. பன்றியே முந்திக்கொண்டது.

“பேச்சு படியிற நேரத்துல குறுக்க வராத புள்ள. உனக்குப் பயமா இருந்தா புதருக்குள்ளயே கிட.”

முயலுக்கும் ஆமையைப் பார்க்க ஆசை. வாயை மூடிக்கொண்டது.

அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் பயணப் பேச்சுத்தான். பன்றி ஆயிரம் கேள்வி கேட்டது. வெயிலுக்கு ஒதுங்க நிழல் உண்டா? உண்டு, தாழம்புதர் இருக்கிறது. புரள ஈரம் உண்டா? கரை நெடுக ஈரமணல்தான். கொசு உண்டா? காற்று அடிக்கிற அடியில் கொசு எப்படி நிற்கும்? ஆமை முட்டை போடுவதைப் பார்க்கத் தனக்குத்தான் முதல் இடம் என்று பன்றி பேசி வாங்கியது. பூநாரைகளை எழுப்பிப் பறக்க விடுவது தன் பொறுப்பு என்றது மான். பதினைந்து நாளுக்கான கோரைக்கிழங்கை வேரோடு பிடுங்கி, மானின் கொம்பில் மாலை மாலையாகத் தொங்கவிட்டன. காட்டிலுள்ளவை எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தன. பாதிக் கிழங்குக் குரங்கும் மரக்கிளையில் உட்கார்ந்து வயிறெரிந்தது.

இவ்வளவு கேட்டார்கள். தண்ணீர் உண்டா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வற்றாத குளத்தின் கரையில் பிறந்தவர்கள் அவர்கள். கண் திறந்த நாள் முதல் வாயைக் கீழே நீட்டினால் தண்ணீர். காற்று உண்டா என்று யாராவது கேட்பார்களா? அப்படித்தான் அவர்களுக்குத் தண்ணீர்.

அமாவாசை வந்தது. கடல் உள்வாங்கியது. மணல்திட்டு ஒரு பெரிய மீனின் முதுகு போல எழுந்தது. கடற்காகம் மேலே பறக்க, மூன்றும் கீழே நடந்தன. தீவில் கால் வைத்தபோது கடற்காகம் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. மணல் வெள்ளையாக இருந்தது. ஆமை இருந்தது. ஓங்கில் துள்ளியது. பூநாரைகள் எழுந்தபோது வானம் சிவக்கத்தான் செய்தது. மான் வாய்விட்டுச் சிரித்தது. பன்றி ஈரமணலில் புரண்டு, மூன்று நாள் மீனுக்கு இது கொள்ளை லாபம் என்றது.

தாழம்புதர் அடியில் வெள்ளை வெளேரென்று ஏதேதோ சிதறிக் கிடந்தன. பவளக்கல்லாக இருக்கும் என்றது மான்.

பின்னால் மணல்திட்டு மூழ்கியது.

சாயங்காலம் மூன்றும் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கக் கிளம்பின. நாலு எட்டு வைத்ததும் நின்றன. எந்தப் பக்கம் போவது? ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தது.

முழுத் தீவையும் சுற்றி வர ரொம்ப நேரம் ஆகவில்லை. குளம் இல்லை, குட்டை இல்லை, ஊற்று இல்லை. கொண்டுவந்த கிழங்கு வெயிலில் காய்ந்து நாராகிப் போயிருந்தது. முளைத்திருந்த உமரிச்செடியைக் கடித்தால் அதுவும் உப்பு.

“பன்னிக்குத் தோண்டத் தெரியாதா? பாருங்க” என்று பன்றி மணலைக் கிளறியது. அரை ஆள் ஆழத்தில் தண்ணீர் ஊறியது. மான் முந்திக்கொண்டு குடித்தது. குடித்த வேகத்தில் துப்பியது. கடல் தண்ணீரேதான்.

இரண்டாம் நாள் கடற்காகம் வந்தது. தனியாக வரவில்லை. முப்பது நாற்பது கடற்காகங்கள் வந்து கரை முழுக்க வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றும் சத்தம் போடவில்லை.

“ஏலே! தண்ணி இல்லன்னு நீ சொல்லவே இல்லியே!” என்று பன்றி பாய்ந்தது.

“நீங்க கேக்கவே இல்லியே அண்ணாச்சி. கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். ஒரு பொய் உண்டா, சொல்லுங்க.”

பன்றி திரும்பிப் போய் மறுபடி மணலைக் கிளறியது.

மூன்றாம் நாள் மானால் தாங்க முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று முயல் கத்தக் கத்தக் கடல் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது. அதற்குப் பிறகு அதன் பேச்சு கோணியது. அதோ நம்ம குளம், அதோ நம்ம பனை என்றது. நாலாம் நாள் நடுப்பகலில் கடலுக்குள் இறங்கி நீந்தியது. கவைக்கொம்பு கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுத்துப் போயிற்று. கரையில் இருந்த கடற்காகங்களில் பாதி எழுந்து அந்தத் திசையில் பறந்தன. வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்து அலகைத் துடைத்துக்கொண்டன.

முயல் சின்னப் பிராணி. விடியும் வேளையில் அடப்பங்கொடி இலைகளில் பனி கோத்திருக்கும். இலை இலையாக நக்கி நாக்கை நனைத்துக்கொண்டது. பன்றிக்கும் காட்டியது. பன்றியின் பெரிய நாக்கு பத்து இலையைத் துடைத்தும் ஈரமாகவில்லை. சேறு இல்லாமல் அதன் தோல் வெடித்தது. வெடிப்பில் உப்புக் காற்று பட்டது.

ஐந்தாம் நாள் பன்றி கடற்காகத்தைக் கூப்பிட்டது.

“தம்பி. குளத்துல போயி ஒரு வாய் தண்ணி மொண்டு தொண்டையில வச்சுக் கொண்டாந்து ஊத்து. நீ கேட்ட ஒரு பருவத்தையும் எடுத்துக்க.”

கடற்காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“ரெண்டு பருவம். சரி, வருஷம் பூரா எடுத்துக்க.”

கடற்காகம் கால் மாற்றி நின்றது.

“நான் சாகிற வரைக்கும் உனக்கு மீன் கிளறிப் போடுறேன். குளமே உன்னோடதுடா. ஒரு வாய் தண்ணி.”

பிறந்ததிலிருந்து விலையை இறக்கியே பழகிய பன்றி, அன்றுதான் ஏற்றிக்கொண்டே போனது. எதிரில் இருந்தவன் ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு பேசவில்லை. பன்றி படுத்துக் கண்ணை மூடியது. அது பேரத்துக்காகப் போட்ட படுக்கை அல்ல. கடற்காகங்கள் ஓர் எட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தன. முயல் தாழம்புதருக்குள் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அங்கேதான் அது பவளக்கல்லை அருகில் பார்த்தது. ஒன்றில் கண் குழி இருந்தது. ஒன்றில் கொம்பு முளைத்திருந்தது. எத்தனையோ அமாவாசைகளில் எத்தனையோ குளங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே கிடந்தார்கள். யாரும் இங்கே ஏன் குடியிருக்கவில்லை என்று அது குளக்கரையில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

பகலெல்லாம் ஒரு மண்டையோட்டின் நிழலில் அசையாமல் கிடந்தது. விடியலில் மட்டும் வெளியே வந்து பனியை நக்கியது. கடற்காகங்களுக்குப் பன்றியின் உடல் பல நாளுக்குப் போதுமானதாக இருந்தது. அதனால்தான் முயலைத் தேடி யாரும் புதருக்குள் வரவில்லை.

பௌர்ணமியன்று மணல்திட்டு எழுந்தது. முயல் தட்டுத் தடுமாறி, வந்த வழியை நினைவில் பிடித்துக்கொண்டு, முன்னங்காலால் மணலைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து நடந்தது. குளத்தை அடைந்ததும் யாரையும் பார்க்கவில்லை. முன்னங்காலோடு தண்ணீரில் விழுந்து குடித்தது. வயிறு வலிக்கிற வரை குடித்தது.

தலைக்கு மேல் பேச்சுச் சத்தம் கேட்டது. பனைமட்டையில் அதே கடற்காகம். எதிரே கிளையில் பாதிக் கிழங்குக் குரங்கு, தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு. குரங்கின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“வா காதாயி! கோரையன் என்னமோ பெரிய கெட்டிக்காரன்னு நெனச்சான். அவன் மூணு நாள் மீனுக்கு முடிச்சான். நான் ரெண்டு கை நாவல் பழத்துக்கு முடிச்சேன். அதுவும் திரும்பி வந்து கொடுத்தா போதுமாம்!”

முயல் நிமிர்ந்து கடற்காகத்தைப் பார்த்தது. வீங்கிய நாக்கைப் புரட்டிப் பேசியது.

“திரும்பி வந்த பிறகுதான்னு பேச்சு. அவரு வரல. இந்தக் குளத்துல உனக்கு ஒரு பொடி மீன்கூடக் கிடையாது.”

“மீன் எதுக்கு தங்கச்சி?” என்றது கடற்காகம். “எனக்கு வர வேண்டியது அங்கேயே வந்திருச்சு.”

குரங்கின் பெண்டாட்டி குட்டியை மாரோடு இழுத்துக்கொண்டாள். குரங்கின் முகத்திலிருந்து பெருமை மெல்ல வடிந்தது. அது முயலின் வெடித்த உதட்டைப் பார்த்தது. காலடியில் கிடந்த குளத்தைப் பார்த்தது.

“அங்க தண்ணி உண்டா?” என்று கேட்டது.

கடற்காகம் பனைமட்டையில் எழுந்து நின்றது. சிறகை விரித்தது. அந்தக் காட்டில் வேறு குளங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை நோக்கிப் பறந்து போனது.

கொடுக்கிற கூலியைக் குறைப்பதில் காட்டுகிற கெட்டிக்காரத்தனத்தை, வாங்குகிற சரக்கைத் தட்டிப் பார்ப்பதில் காட்டாதவன், கடைசியில் தன்னையே கூலியாகக் கொடுப்பான்.