கரித்தட்டு

உப்பளத் தொழிலாளிகளுக்குப் பிரம்மசக்திதான் ஆசான். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவள். படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். அவளுடைய சீடர் தளவாய் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

அன்று காலை தளவாய் மூச்சிரைக்க வந்தார். வேலைநிறுத்தம் செய்த நாற்பது பேரை, ஆறு பேர் படுக்கும் அறையில் முதலாளியின் ஆட்கள் மூன்று நாள் அடைத்து வைத்திருந்து இப்போதுதான் விட்டிருந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குச் சம்மதித்துவிட்டதாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்பது மணிக்குச் சங்கு ஊதும். ஒருவன் உப்பளத்துக்குள் போனாலும் போராட்டம் முடிந்தது.

"மைதானத்துல கூட்டம் போட்டப்பவே ஆளுக்கொரு பக்கம் போனவங்க. இனி நிப்பாங்களா ஆசானே?"

அவள் வேப்பங்கிளையில் தொங்கிய தராசைக் காட்டினாள். முந்தின நாள் ஒரு தட்டில் கரியும் மறுதட்டில் கல்லும் வைத்துத் தளவாய்தான் சமன் செய்திருந்தார். இப்போது கரித்தட்டு தாழ்ந்திருந்தது.

"மழை பெஞ்சுதா அண்ணாச்சி?"

இல்லை என்றார்.

"கல்லு நனைஞ்சிருக்கா?"

தடவிப் பார்த்தார். காய்ந்துதான் கிடந்தது.

வெட்டவெளியில் ஆவியாக அலைந்த ஈரம், கரிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பொந்துகளில் நெருக்கியடித்துப் புகுந்ததும் தண்ணீராகிவிட்டது என்றாள். பிறகு கருப்பட்டிக் காப்பியை அவர் கையில் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

வெயில் ஏறியது. காற்றின் ஈரம் போயிற்று. வேலியில் கிடந்த சேலை மொடமொடவென்று காய்ந்தது. தளவாய் தராசைச் சுண்டிவிட்டார். ஆடி ஆடி, கரித்தட்டு தாழ்ந்த இடத்திலேயே நின்றது.

"காத்து காஞ்சிருச்சே. இது ஏன் ஏறல?"

"புகுந்தது லேசுல வெளிய வராது. நெருப்புலதான் போடணும்."

சங்கு ஊதியது. தளவாய் பக்கத்து மண்கரைமேல் ஏறிப் பார்த்தார். உப்பள வாசல் திறந்து கிடந்தது. வெளியே நாற்பது பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். சங்கு மறுபடி ஊதியது. ஒரு கால்கூட அசையவில்லை. மூன்றாவது சங்குக்கு முதலாளியே வெயிலில் இறங்கி, பேச வாருங்கள் என்று கும்பிட்டபடி வந்தார்.

தளவாய் கரையிலிருந்து இறங்கி வந்தார். "பத்து வருசமா நம்மால சேக்க முடியலையே ஆசானே."

"நாம மைதானத்தைக் குடுத்தோம். இடுக்கைக் குடுத்தது முதலாளிதான். போயி ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க அண்ணாச்சி."