சரிவில் ஒரு மண்வெட்டி

பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களை நம்பியே பிழைக்கும் மலையூர் அது. ஊருக்கு மேலே, காட்டின் விளிம்பில் குரு இருந்தார். எல்லோரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

சீடராக வந்த தணிகாசலம் அம்மாவைவிட மூத்தவர். மில் வாசலில் கொடி பிடித்தே நரைத்தவர். தொழிலாளி வெளியே பட்டினி கிடக்க, சங்கத் தலைவர் உள்ளே முதலாளியோடு கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு வந்தவர். யாரை நம்பலாம் என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்று இருவரும் ஊரில் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பனியில் புதையாமலிருக்கக் காலில் அகன்ற வலைச்செருப்பு. கொடுத்தவர் பெரிய ஹோட்டல்காரர். கடைத்தெருவில் அவர் அம்மாவைக் கும்பிட்டதும், அம்மா சிரித்துப் பேசியதும் தணிகாசலத்தை உறுத்திக்கொண்டிருந்தன. முதலாளி கும்பிடும் இடத்தில் பேரம் இல்லாமலா?

மரமில்லாத ஒரு சரிவு வந்தது. அம்மா நின்றார்.

"ஒவ்வொருத்தராத்தான் கடக்கணும். நீங்க முன்னால போங்க, தோழர்."

"சேர்ந்தே போவோம். நாங்க தோளோட தோள் நின்னு பழகினவங்க."

"ரெண்டு பேரை இந்தப் பனி தாங்காது."

"ஆளைப் பிரிக்கிறவங்க எல்லாருமே ஒரு காரணம் வச்சிருப்பாங்க."

"இருக்கும்."

"நான் எதுக்கு முன்னால? தடியடிக்குத் தொண்டன், மாலைக்குத் தலைவரா?"

"சரிஞ்சு மூடினா தோண்டி எடுக்கணும். எனக்குத் தோண்டத் தெரியும். உங்களுக்குப் பேசத்தான் தெரியும்."

அம்மாவின் முதுகில் குட்டையான மண்வெட்டி ஒன்று இருந்தது. வேறு கிடையாது.

"தோண்டுவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல."

"அப்ப அது எங்கிட்ட இருக்கட்டும்."

அம்மா மறுபேச்சின்றிக் கழற்றிக் கொடுத்தார். தணிகாசலம் வாங்கிக்கொண்டு சரிவில் கால் வைத்தார். எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவர். கேட்டவுடன் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அதனாலேயே சந்தேகம் வலுத்தது.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். வேலை வாங்கும் மேஸ்திரியைப்போல அம்மா அவரையே பார்த்து நின்றார்.

காலடியில் பனி 'தொம்'மென்றது. சரிவு கிளம்பியது.

அது நின்றபோது மார்புவரை புதைந்திருந்தார். கைகள் அசையவில்லை. மண்வெட்டி காலுக்கடியில் எங்கோ போயிருந்தது. 'கையில் கருவியில்லை என்று சொல்லி அம்மா போய்விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்' என்று நினைத்தார்.

மேலே மிச்சப் பனி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அம்மா வந்தார். ஒரு செருப்பைக் கழற்றி அதனால் வாரினார். இறுகிய இடங்களில் விரலால் பறித்தார். கடைசியில் காலோடு மண்வெட்டியும் வெளியே வந்தது.

சரிவின் மறுபக்கத்து மரங்களுக்கடியில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் நகக்கண்களில் ரத்தம்.

"இதை ஏன் எங்கிட்ட கொடுத்தீங்க? இது போனா என்ன ஆகும்னு தெரியாதா?"

"தெரியும். கொடுக்கலன்னா என்னைத் திரும்பிப் பார்த்துக்கிட்டே நடந்திருப்பீங்க."

"கொடுத்தப்புறமும் பார்த்தேன்."

"அதையும் பார்த்தேன்," என்று அம்மா சிரித்தார்.

மரங்களுக்கு அப்பால் இன்னொரு சரிவு கிடந்தது. தணிகாசலம் மண்வெட்டியை நீட்டினார்.

அம்மா செருப்பின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். இதை நான் முதல்ல கடக்கிறேன்."