யாளி வாயில் கல் விழுந்த கல்யாணம்

அந்தக் காலத்தில் யாளிகள் கல்லாக இல்லை. சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக நடமாடின, வாய் ஓயாமல் பேசவும் செய்தன. பூதங்களும் குள்ளர்களும் நாகர்களும் ஊர் ஊராகக் குடியிருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த காலம் அது.

மலையடிவாரத்தில் கல்மாடம் என்று ஒரு நகரம் இருந்தது. அதன் ஒரே வாசலில் நெடுவாயன் என்ற யாளி காவல் இருந்தது. நகரத்தைக் கட்டியவர் அதனிடம் ஓர் ஓலையைக் கொடுத்திருந்தார். யார் யார் எப்படி இருப்பார்கள் என்று இனத்துக்கு ஒரு வரியாக அதில் எழுதியிருந்தது. பூதம் என்றால் பெருவயிறு, இடிக்குரல், அடங்காத கோபம். குள்ளர் என்றால் முழங்கால் வரை தாடி, மலையைக் குடையும் தொழில். நாகர் என்றால் நஞ்சு, புதையல் காவல். அவ்வளவுதான். ஓலைக்குப் பொருந்தினால் உள்ளே விடலாம். பொருந்தாதவர்கள் வேஷக்காரர்கள், அவர்களை விரட்ட வேண்டும். நெடுவாயன் ஓலை முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தது. வந்தவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்களைப் பற்றி அவர்களுக்கே சொல்லிவிடும். அதில் அதற்குப் பெருமை தாங்காது.

அந்த நகரத்தில் திண்டன் என்று ஒரு மலைப்பூதம். ஓலையில் எழுதியதற்கு அச்சாகப் பொருந்துகிற உருவம். வயிறு முன்னால் வரும், ஆள் கொஞ்ச நேரம் கழித்து வருவான். அவன் உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போன இடத்தில் உவரி என்ற பெண்ணைப் பார்த்தான். அவளும் பூதம்தான், ஆனால் கழிப்பூதம். உப்பங்கழியில் படகு தள்ளி, நண்டு பிடித்துப் பிழைக்கிறவர்கள் கழிப்பூதங்கள். நாணல்போல ஒல்லியானவர்கள். சத்தம் கேட்டால் நண்டு வளைக்குள் போய்விடும் என்பதால், தலைமுறை தலைமுறையாகக் கிசுகிசுத்தே பேசிப் பழகியவர்கள். திண்டனுக்கு உவரியைப் பிடித்துப்போயிற்று. அவன் பேசிய பேச்சில் அன்றைக்கு ஒரு நண்டுகூட அகப்படவில்லை என்றாலும், உவரிக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று.

இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். கல்மாடத்தில் கல்யாணம், சூரியன் உச்சிக்கு வருவதற்குள் மாலை மாற்றியாக வேண்டும். பூதங்களுக்கு முகூர்த்தம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். தவறவிட்டால் அடுத்த பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

கல்யாணத்தன்று காலையிலேயே பெண் வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் உவரியின் அம்மா அலவி, அவளுக்குப் பின்னால் பெண், தாய்மாமன், உறவுக்காரர்கள். கடைசியில், பலகாரம் செய்வதற்காக அவர்கள் அழைத்து வந்த சுருளன் என்ற குள்ளன், தலையில் மாவு மூட்டையோடு.

"நில்! யார் நீங்கள்?" என்றது நெடுவாயன்.

"பூதங்கள், ஐயா. பெண் வீட்டார்," என்றாள் அலவி.

"என்ன?"

"பூதங்கள்."

"சத்தமாகச் சொல்."

"இதுதான் ஐயா சத்தம்."

யாளி துதிக்கையை நீட்டி அவளை மேலும் கீழும் அளந்தது. "பூதம் என்றால் பெருவயிறு. உன் வயிறு எங்கே?"

அலவி குனிந்து பார்த்துக்கொண்டாள். "இங்கேதான் இருக்கிறது. காலையில் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை."

"குரலும் இல்லை. கோபமாவது வருமா?"

"வரும் ஐயா. போன மழைக்காலத்தில்கூட ஒருமுறை வந்தது."

"இப்போது காட்டு, பார்க்கலாம்."

அலவி சற்று யோசித்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நீங்கள் செய்வது எங்களுக்கு அவ்வளவு நன்றாகப் படவில்லை," என்றாள். அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று உடனே பயம் வந்துவிட்டது. "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்," என்று சேர்த்துக்கொண்டாள். பின்னால் நின்ற உறவுக்காரர்கள் நடுங்கிப்போனார்கள். அக்காவுக்கு இத்தனை கோபம் வந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

"வேஷம்!" என்றது யாளி. "அதோ, மூட்டை தூக்கி நிற்பவன் யார்?"

"குள்ளன்," என்றான் சுருளன்.

"தாடி?"

"நான் மரம் ஏறித் தேன் எடுக்கிறவன். தாடி வைத்தால் தேனீ அதில் கூடு கட்டிவிடும்."

"எந்த மலையைக் குடைகிறாய்?"

"குகைக்குள் போனாலே எனக்கு மூச்சு முட்டும்."

"வேஷம் போட வந்தவன் ஒரு தாடியாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா?" என்று யாளி அலுத்துக்கொண்டது.

தாய்மாமனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மதில் மூலைக்குப் பின்னால் மறைந்து, சுருளனின் மாவு மூட்டையை வயிற்றில் கட்டி, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். வயிறு பிரமாதமாக இருந்தது. ஆனால் நெடுவாயன் துதிக்கையை அதன் மேல் வைத்து மோந்து பார்த்தது. மாவு மூக்கில் ஏறியது. யாளி போட்ட தும்மலில் மூட்டை வெடித்து, பெண் வீட்டார் அத்தனை பேரும் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாகிவிட்டார்கள்.

"அடுத்து என்ன, மோகினிகள் என்று சொல்லப்போகிறீர்களா?" என்றது யாளி.

உவரி அதுவரை காலடியில் சுருங்கிக்கொண்டே வந்த தன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முன்னால் வந்தாள்.

"ஐயா, இதற்கு முன் கழிப்பூதத்தைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. ஓலையில் இல்லாததை நான் ஏன் பார்க்க வேண்டும்?"

"அப்படியானால் எங்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்றே ஒன்று."

"கேட்பது என் வேலை இல்லை," என்றது யாளி. "சொல்வதுதான் என் வேலை."

அதே நேரத்தில், பெண் வீட்டார் வந்துவிட்ட செய்தி திண்டனின் காதுக்கு எட்டியது. அவன் மதில் மேல் ஓடி ஏறினான். அவன் கையில் ஓர் உருண்டைக் கல் இருந்தது. விருந்தாளி வந்தால் மலைப்பூதங்கள் கல்லெறிந்துதான் வரவேற்பார்கள். வந்தவர்கள் அதைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். கல் பெரிதாக ஆக மரியாதையும் பெரிது. திண்டன் இந்தக் கல்லை ஒரு மாதமாக ஆற்றில் உட்கார்ந்து தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான்.

கீழே உவரி தெரிந்தாள். ஏன் வெள்ளையாக இருக்கிறாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை, அழகாக இருந்தாள். சந்தோஷத்தில் கல்லை ஓங்கி எறிந்தான்.

நெடுவாயன் சரியாக அந்த நொடியில்தான் மதிலில் நின்ற காவலர்களைக் கூப்பிடத் தலையைத் தூக்கி, வாயை முழுவதுமாகத் திறந்தது.

"போலிகள்! இவர்களை விர..."

கடக்.

அவ்வளவுதான். யாளியின் கண்கள் இரண்டும் பிதுங்கின. வாய் திறந்தபடி இருந்தது, பேச்சு வரவில்லை.

"கல்லால் அடிக்கிறார்கள்! ஓடுங்கள்!" என்று அலவி அலறினாள். அலறலும் கிசுகிசுப்பாகவே வந்ததால் ஒருவரும் ஓடவில்லை. மதில் மேல் திண்டனைப் பார்த்துவிட்ட உவரி பொலபொலவென்று கண்ணீர் விட்டு அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து உறவுக்காரர்களும் அழுதார்கள். மாவு முகங்களில் கண்ணீர் கோடு போட்டது.

திண்டன் இறங்கி ஓடி வந்தான். அழுகையைப் பார்த்ததும் அவன் வயிறே சுருங்கிவிட்டது. மலையில் சாவு வீட்டில்தான் அழுவார்கள்.

"கல்யாணத்தை நிறுத்துங்கள்," என்றான். "இஷ்டமில்லாமல் அழுகிற பெண்ணை நான் கட்டிக்கொள்ள மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் நெடுவாயன் நடுவில் புகுந்து எல்லாருக்கும் விளக்கம் சொல்லியிருக்கும். இன்றைக்கு வாசலில் அமைதி. அந்த அமைதியில் முதல்முறையாகக் கழிப்பூதத்தின் குரல் எல்லார் காதிலும் விழுந்தது.

"சந்தோஷம் வந்தால் எங்கள் ஊரில் இப்படித்தான் அழுவோம்," என்றாள் உவரி.

"துக்கம் வந்தால்?"

"படகில் ஏறிச் சும்மா சுற்றிவிட்டு வருவோம்."

"அது இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றாள் அலவி. "எங்களை ஏன் கல்லால் அடித்தீர்கள்?"

"அடித்தேனா? அது மரியாதை, அத்தை! உங்களுக்கென்று ஒரு மாதம் தேய்த்தது."

அலவி கல்லின் அளவை நினைத்துப் பார்த்தாள். "ரொம்பப் பெரிய மரியாதைதான்," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "மலைப்பூதம் என்றால் முரடர்கள், பெண்ணைப் போட்டு அடிப்பார்கள் என்று எங்கள் ஊரிலும் ஒரு வரி உண்டு மாப்பிள்ளை. ஓலையில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். நேற்று ராத்திரிகூடப் பெண்ணிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்."

நெடுவாயன் ஒவ்வொருவர் முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. படகில் ஏறிச் சுற்றினால் துக்கம் எப்படிப் போகும்? தேனீ உண்மையிலேயே தாடியில் கூடு கட்டுமா? இதெல்லாம் ஓலையில் இல்லையே! கேட்க நாக்கைப் புரட்டியது. கல் உருண்டது. கடகட, கடகட.

"என்ன சொல்கிறது?" என்றான் திண்டன்.

"சொல்கிற மாதிரி இல்லை," என்றான் சுருளன். "கேட்கிற மாதிரி இருக்கிறது."

யாளி வெட்கத்தோடு ஒதுங்கி வழிவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். உச்சி வேளைக்கு ஒரு மூச்சு முன்னால் மாலை மாற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இடிபோல வாழ்த்தினார்கள், பெண் வீட்டார் தேம்பித் தேம்பி அழுதார்கள். இரண்டையும் எப்படிச் செய்வது என்று தெரியாமல் திண்டன் இரண்டையும் சேர்த்தே செய்தான். சுருளன் வேறு மாவு வாங்கிப் பணியாரம் சுட்டான். மடித்துக் கொடுக்க இலை போதவில்லை. வாசலில் ஓர் ஓலை சும்மா கிடந்தது, அதைக் கிழித்துக்கொண்டான்.

சாயங்காலம் அவனே வந்து யாளியின் வாய்க்குள் தோள் வரை கையை விட்டுப் பார்த்தான். "உருளுகிறது, வெளியே வரவில்லை," என்றான். திண்டன் இழுத்துப் பார்க்கிறேன் என்று முன்வந்தான். யாளி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டது.

மறுநாள் ஒரு நாகர் வந்தார். நஞ்சும் இல்லை, புதையலும் இல்லை, கூடை பின்னுகிறவர். நெடுவாயன் அவரைப் பார்த்துக் கடகட என்றது. அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்கள் ஊரைப் பற்றியா கேட்கிறாய்?" என்று உட்கார்ந்தார். பேசி முடித்து எழுந்திருக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

காலம் போகப் போக யாளியின் உடம்பும் கல்லாகிவிட்டது. அன்று முதல்தான் வாசல் யாளிகளின் வாயில் ஓர் உருண்டைக் கல் கிடக்கிறது. விரலை விட்டுத் தள்ளினால் உருளும், வெளியே வராது. இந்தக் காலத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நான் பூதம், நீ குள்ளன் என்று பாத்திரம் பிரித்துக்கொண்டு பகடை உருட்டிக் கதை விளையாடுகிறவர்களும், பகடையின் கடகட சத்தம் அடங்கியதும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "பூதம், சரி. எந்த ஊர்ப் பூதம்?"