கொடிக்கும் சங்குக்கும் நடுவே

மணல் திட்டில் ஏழு கப்பல்கள் உடைந்தன. பதினோரு பேர் செத்தார்கள். எதிரி ஒருவன்கூட அங்கே இல்லை.

மூன்று நாடுகளின் கூட்டுக் கப்பற்படை அது. நீரிணைக்கு அப்பால் இருந்த துறைமுகத்தைக் கொள்ளைக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்று அரசர்களும் தனித்தனியாகப் போய்த் தோற்றார்கள். பிறகுதான் சேர்ந்தார்கள். நெடுங்கரை நாற்பது கப்பல் கொடுத்தது. பவழத்தீவு இருபது. சிற்றாறு ஐந்து.

தலைமை யாருக்கு? நெடுங்கரைக்காரனுக்குக் கீழே வரமாட்டோம் என்றது பவழத்தீவு. பவழத்தீவுக்காரனுக்குக் கீழே போவதற்கு நேராகக் கடலில் குதிக்கலாம் என்றது நெடுங்கரை. ஐந்து கப்பல் கொடுத்தவனைக் கண்டு யாருக்கும் பயமில்லை. தலைமை சிற்றாற்றுப் படைத்தலைவன் தித்தனுக்குப் போனது.

அதிலும் ஒரு நிபந்தனை. தித்தன் மஞ்சள் கொடி ஏற்றலாம். அவ்வளவுதான். கொடியைப் பார்த்து, அந்தந்த நாட்டுத் தலைவன் தன் சங்கை ஊதச் சொல்ல வேண்டும். தன் நாட்டுச் சங்கு கேட்காமல் எந்த மாலுமியும் பாயைத் தொடக் கூடாது, சுக்கானைத் திருப்பக் கூடாது. தலைவன் சொல்லாமல் சங்கும் ஊதக் கூடாது. இதில் மட்டும் மூன்று அரசர்களும் ஒரே பேச்சாக இருந்தார்கள்.

நெடுங்கரையின் நாற்பது கப்பலுக்கும் தலைவன் பிட்டன். வயது ஐம்பத்தாறு.

நீரிணையில் இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் மணல் திட்டு. பாறை முடிகிற இடத்தில் எல்லாரும் ஒன்றாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். பாறையை ஒட்டி நெடுங்கரை போனது. திட்டை ஒட்டிப் பவழத்தீவு. முன்னால் போன தித்தன் கொடி ஏற்றினான். பவழத்தீவுச் சங்கு ஊதியது, அவர்கள் திரும்பினார்கள். நெடுங்கரைச் சங்கு ஊதவில்லை. திரும்பியவர்களுக்கு முன்னால் நாற்பது கப்பல் சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது. முட்டினார்கள். ஒதுங்கினார்கள். திட்டில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு நெடுங்கரைச் சங்கு ஊதியது.

விசாரணைக்கு முந்தின நாள் பிட்டன் ஒரு படகு எடுத்துக்கொண்டு தன் குருவைப் பார்க்கப் போனான். கூடவே அவனுடைய சங்கு ஊதுகிறவன், ஆதன்.

நீரிணைக்கு இப்பால், படை திரும்பி வந்து நின்ற துறைமுகத்துக்கு எதிரே ஒரு சின்னத் தீவில் குரு இருந்தார். அடிகள் என்பார்கள். வயது முப்பத்தெட்டு. சீடனைவிடப் பதினெட்டு வயது இளையவர். பிட்டனுக்கு அதிலும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அடிகள் கரையில் நின்று துண்டு அலசிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி, அடிகளே. ஏன் அவன்? ஏன் நான் இல்லை?"

"யார்?"

"அந்த ஐந்து கப்பல்காரன்."

"அவரிடம் என்ன குறை?"

"குறையா? கப்பல் அசைந்தால் வாந்தி எடுக்கிறான். மூன்று நாட்டுப் படைக்குத் தலைவன்! மாலுமிகள் அவன் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கண்ணால் பார்த்தேன். நாலு பேர், நான் நீ என்று போட்டி போட்டுக்கொண்டு. முப்பது வருடம் கடலில் இருக்கிறேன். என் தலையை ஒருத்தன் பிடித்ததில்லை."

"நீர் வாந்தி எடுக்கவில்லையே."

ஆதன் இருமினான். பிட்டன் திரும்பிப் பார்த்தான். இருமல் நின்றது.

"சங்கு ஏன் பிந்தியது?" என்றார் அடிகள்.

"வாயில் வெற்றிலை இருந்தது."

"சரி."

"கொடி ஏறியதைப் பார்த்தேன். ஏறட்டும் என்று இருந்தேன். மென்றேன். துப்பினேன். வாய் கொப்பளித்தேன். அப்புறம் ஊதச் சொன்னேன். அவன் கொடி தூக்கினால் நான் உடனே குதிக்க வேண்டுமா? கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்று நினைத்தேன். கொஞ்சம்தான்."

"நாளை என்ன சொல்லப் போகிறீர்?"

"உண்மையைச் சொன்னால் நாற்பது கப்பலும் என் கையை விட்டுப் போகும். சொல்லாவிட்டால் பழி அவன் தலையில். தலைமை எனக்கு."

"கேள்விக்குப் பதில் வேண்டுமா?"

"அதற்குத்தானே வந்தேன்."

"தண்ணீரில் இறங்கும். தலையை முக்கும். நான் துண்டைத் தூக்குவேன். உம் ஆள் அதைப் பார்த்துச் சங்கு ஊதட்டும். சங்கு கேட்டால் மட்டும் தலையை எடும்."

பிட்டன் சிரித்தான். முத்துக் குளிக்கிறவர்களோடு பந்தயம் கட்டி ஜெயித்தவன். மேலாடையைக் கரையில் போட்டான். இடுப்பளவு தண்ணீருக்குப் போய் முங்கினான்.

அடிகள் உடனே துண்டைத் தூக்கினார்.

ஆதன் துண்டைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். சங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அடிகள் தூக்கிய கையை இறக்கவில்லை. தண்ணீரில் குமிழி வந்தது. பெரிய குமிழி வந்தது. பிறகு நின்றுவிட்டது.

பிட்டன் பிய்த்துக்கொண்டு மேலே வந்தான். மூக்கு, வாய், கண் எல்லாம் தண்ணீர். இருமிக்கொண்டே கரையேறி ஆதனின் சட்டையைப் பிடித்தான்.

"துண்டு ஏறவில்லையா?"

"ஏறிச்சு ஐயா. நீங்க முங்கின உடனேயே ஏறிச்சு."

"பின்னே ஏனடா ஊதவில்லை?"

"நீங்க சொல்லாம நான் எப்படி ஊதுறது ஐயா?"

"தண்ணீருக்குள் இருந்து எப்படியடா சொல்வேன்?"

"அது எனக்குத் தெரியாது ஐயா. உத்தரவு அப்படி."

பிட்டன் கையை விட்டான். மணலில் உட்கார்ந்தான். மூச்சு இன்னும் சீராகவில்லை.

"அந்தப் பதினோரு பேருக்கு இதைவிட நேரமானது" என்றார் அடிகள்.

பிட்டன் மேலாடையால் தலையைத் துவட்டினான். யோசித்தான். யோசித்ததெல்லாம் வேறு.

"அவன் இங்கே வந்தானா?"

"காலையில் வந்தார்."

"அவனையும் முக்கினீர்களா?"

"இல்லை. மோர் குடித்தார். போனார்."

"மோரா? எனக்குத் தரவில்லையே!"

"தீர்ந்துவிட்டது."

படகில் திரும்பும்போது பிட்டன் மோரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

மறுநாள் விசாரணை. மூன்று நாட்டு அமைச்சர்களும் பாய் தைக்கும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். தித்தன் எழுந்து நின்றான். ஒல்லியான ஆள். வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தது.

"கொடி என்னுடையது. சங்கு பிந்தினாலும் சமாளிக்கிற மாதிரி முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை" என்றான்.

"யாருடைய சங்கு பிந்தியது?"

"கொடிக்கு நான் பொறுப்பு. அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன்."

அமைச்சர் பிட்டன் பக்கம் திரும்பினார். "உம்முடையது பிந்தியதா?"

"கொடி தெரிந்ததும் ஊதினோம்."

பவழத்தீவுத் தலைவருக்கு எதுவும் நிச்சயமில்லை. தன் கப்பல்கள் உடைகிற சத்தத்தில் அவருக்கு வேறெதுவும் கேட்கவில்லை. ஆதனை யாரும் கேட்கவில்லை. சங்கு ஊதுகிறவனை யார் கேட்பார்கள்?

தலைமை பிட்டனுக்கு வந்தது. இருபதில் பதின்மூன்று மிஞ்சிய பவழத்தீவுக்கு மறுக்கத் தெம்பில்லை.

ஐந்து நாள் கழித்து மறுபடி புறப்பாடு. பிட்டன் போட்ட முதல் உத்தரவு தித்தனுக்கு இடம் ஒதுக்கியது. பாறையோரம். ஐந்தும் வரிசையாக.

"போகட்டும். கொஞ்சம் அசந்தால் பலகை கிழியும். அங்கே நின்று நிதானமாக வாந்தி எடுக்கட்டும்."

ஆதன் தலையைச் சொறிந்தான். "ஐயா, பாறைப் பக்கம் போறவங்க முதல்ல திரும்பினால்தானே நம்ம நாற்பதும் திரும்ப இடம் இருக்கும்?"

"உன்னைக் கேட்டேனா?"

"இல்லைங்க."

தலைமை கிடைத்தது. தூக்கம் கிடைக்கவில்லை. காற்று எப்படி இருக்கும் என்று கேட்க அவன் கப்பல் ஆட்களே சிறுபடகில் தித்தனிடம் போனார்கள். வாந்திக்கு நல்லது என்று அவனுடைய சமையல்காரனே தித்தனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினான். பிட்டன் அதைக் கண்டுபிடித்து அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தான். யாரும் வற்புறுத்தவில்லை.

உச்சிவேளையில் நீரிணைக்குள் நுழைந்தார்கள். நல்ல காற்று. கப்பல்கள் வேகமாகப் போயின. வலப்பக்கம் திட்டு வந்தது. உடைந்த பாய்மரங்கள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பாறை முடியப் போகிறது.

"கொடி" என்றான் பிட்டன்.

கயிற்றை இழுத்தார்கள். மஞ்சள் துணி மேலே நகர்ந்தது.

பக்கத்தில் ஆதன் சங்கோடு நின்றான். "ஊதட்டுமா ஐயா?"

"பொறு. அவன் திரும்பாமல் நாம் திரும்பினால் அவன் மேல் ஏறிவிடுவோம். முதலில் அவன் ஊதட்டும்."

சொன்ன பிறகுதான் பிட்டனுக்கு உறைத்தது.

ஐந்து கப்பலில் எந்த ஒருவனையும் அவன் இங்கிருந்து அசைக்க முடியாது. கத்தினாலும் முடியாது. தண்டிப்பேன் என்றாலும் முடியாது. அவர்கள் தித்தனின் சங்குக்குத்தான் திரும்புவார்கள். தித்தனுக்கு என்ன அவசரம்? தலைமை போனது. பழி சேர்ந்தது. பாறையோரம் தள்ளியாகிவிட்டது. அவன் வாயில் ஒரு வெற்றிலை இருந்தால் போதும். மெல்லட்டும். துப்பட்டும். வாய் கொப்பளிக்கட்டும். நாற்பதும் திட்டில். விசாரணையில் கொடி தெரிந்ததும் ஊதினோம் என்பான். அந்த வாக்கியம் எப்படி இருக்கும் என்று பிட்டனுக்கு நன்றாகத் தெரியும்.

பிட்டன் கைப்பிடியைப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

சங்கு கேட்டது.

கண்ணைத் திறந்தான். மஞ்சள் துணி பாய்மரத்தில் பாதிகூட ஏறியிருக்கவில்லை. சிற்றாற்றின் ஐந்து கப்பலும் பாறை முனையை உரசிக்கொண்டு திரும்பின. கடைசிக் கப்பலில் ஒரு பலகை பிய்ந்து விழுந்தது. ஒல்லியான ஆள் ஒருவன் விளிம்பில் குனிந்திருந்தான். இரண்டு பேர் அவன் தலையைப் பிடித்திருந்தார்கள்.

"ஊது!" என்று அலறினான் பிட்டன்.

ஐம்பத்தெட்டும் கடந்தன. இத்தனை பாயை ஒன்றாகக் கண்டதும் கொள்ளைக்காரர்கள் துறைமுகத்தை விட்டு ஓடினார்கள். வில்லை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று அரசர்களும் மகிழ்ந்தார்கள். வெற்றிக்கல் நாட்டச் சொன்னார்கள். வருகிற கப்பலுக்கெல்லாம் தெரியட்டும் என்று அடிகள் இருந்த தீவிலேயே இடம் பார்த்தார்கள். வாசகத்தை அரசர்கள் எழுதினார்கள்: 'இந்நீரிணையில் மூன்று நாட்டுப் படையைக் காத்தவன்.' அதன் கீழே பெயர். பெயரைப் படைத்தலைவன் சொல்வான் என்று விட்டுவிட்டார்கள். தன் பெயரைத் தவிர வேறெதைச் சொல்லப் போகிறான் என்ற நினைப்பு.

கல்தச்சனோடும் ஆதனோடும் பிட்டன் தீவுக்கு வந்தான். அடிகள் அவனுக்கு ஒரு குவளை மோர் கொடுத்தார். அவன் குடிக்கவில்லை.

"கடந்துவிட்டோம், அடிகளே."

"கேள்விப்பட்டேன்."

"அவன் ஏன் ஊதினான்? கொடி பாதிகூட ஏறவில்லை. துணி அசைந்ததைப் பார்த்தே ஊதியிருக்கிறான். அவ்வளவு அவசரமாக. எனக்காக! நான் அவன் இடத்தில் இருந்தால்..."

நிறுத்திக்கொண்டான்.

"இருந்தீரே" என்றார் அடிகள்.

கல்தச்சன் வாசகத்தை வெட்டி முடித்திருந்தான். உளியை ஊதித் தூசி தட்டினான். "பெயர் சொல்லுங்க ஐயா. வெயில் ஏறுது."

"பொறு."

பிட்டன் அடிகள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். "வேறு பெயர் வெட்டினால் ஏன் என்று கேட்பார்கள். விசாரணையில் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டி வரும். வெற்றிலையைச் சொல்ல வேண்டி வரும். நாற்பது கப்பலும் போகும்."

"போகும்."

"இரண்டு பெயரும் வெட்டினால் என்ன? என் பெயர் மேலே இருக்கட்டும்."

"கல் சின்னதுங்க. ஒண்ணுதான் வரும்" என்றான் கல்தச்சன். அவனுக்குக் காது கூர்மை. "எந்தப் பெயரானாலும் எனக்கு ஒரே வேலைதான்."

பிட்டன் அவனை முறைத்தான். பிறகு அடிகளிடம் திரும்பினான். "கொடி என்னுடையதுதானே? நான்தானே ஏற்றினேன்?"

"நீர்தான். ஏற்றிய பிறகு என்ன செய்தீர்?"

"காத்திருந்தேன்."

"யாருக்காக?"

ஆதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்தச்சன் உளியைக் கல்லில் வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"ஐயா, பெயர்?"

பிட்டன் கடலைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"தித்தன்."