குலுக்கலுக்கு வராத மண்

மலையெல்லாம் ராசாவுக்கு, மழையெல்லாம் சாமிக்கு என்றிருந்த காலம் அது. கேட்பதாக இருந்தால் கடைசிவரை கேளுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை.

கரும்பாறை மலையில் ஒரு வழக்கம். ஆண்டுதோறும் அறுப்பு முடிந்ததும் ஊர் நிலத்தையெல்லாம் குலுக்கல் போட்டு மாற்றிக்கொள்வார்கள். இந்த ஆண்டு ஒருவன் உழுத கொல்லை அடுத்த ஆண்டு வேறொருவனுக்கு. அதனால் எல்லாரும் சரிவை அவசரமாகக் கீறி விதைத்தார்கள். மழை வரும், மண் போகும், விளைச்சல் குறையும்.

ராசா ஆள் அனுப்பினார். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு கட்டினால் மண் நிற்கும் என்றார் வந்தவர். ஊர் தலையாட்டியது, கல்லைத் தொடவில்லை. மறுபடி அனுப்பினார், மறுபடி தலையாட்டினார்கள். மூன்றாம் முறை சேவகர்கள் பிரம்போடு வந்தார்கள். ஊரார் அடி வாங்கிக்கொண்டும் சும்மாதான் இருந்தார்கள். சோம்பேறிகள் என்று அரண்மனையில் பேச்சு. சொல்வது சுலபம், சுமந்து பார்த்தால் அல்லவா தெரியும்!

சடைச்சி என்ற ஒருத்தி மட்டும் கட்டினாள். அவளும் புருஷன் மாதனும் கோடை முழுக்கக் கல் சுமந்தார்கள். தோள் உரிந்தது. அந்த ஆண்டு அவர்கள் கொல்லையில் மட்டும் கேழ்வரகு இடுப்பளவு நின்றது.

அறுப்பு முடிந்து குலுக்கல் வந்தது. அந்தக் கொல்லை ஊர்த்தலைவரின் தம்பிக்கு விழுந்தது. சடைச்சிக்கு அதன் கீழே கிடந்த வெறும் சரிவு. என் கல்லுக்கு என்ன வழி என்று கேட்டாள். வழக்கத்தில் கல்லைப் பற்றிப் பேச்சில்லை, வேண்டுமானால் பிடுங்கிக்கொண்டு போ என்றார் தலைவர்.

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பிடுங்கத் தொடங்கினாள்.

"வேண்டாம் புள்ள, மேல மண்ணு நிக்காது" என்றான் மாதன்.

அவள் கேட்கவில்லை. கடைசியில் அவனும் சேர்ந்து சுமந்தான். கீழ்ச்சரிவில் புதிய வரப்பு எழுந்தது, பயிரும் வந்தது. காட்டுப்பன்றி பயிரை அழிக்காமல் காக்க மாதன் அங்கேயே குடிசை போட்டுக்கொண்டான்.

ஐப்பசி அடைமழையில் மேல்கொல்லை அப்படியே இறங்கியது. பயிரை மூடியது, வரப்பை மூடியது, குடிசைக்குள் இருந்த மாதனையும் மூடியது.

செய்தி கேட்டு ராசாவே மலையேறி வந்தார். மூன்று முறை சொல்லியும் ஏன் கட்டவில்லை என்று கோபமாகக் கேட்டார்.

"கட்டினேன் ராசா. எனக்குன்னு இல்லைன்னதும் நானே பிரிச்சேன்" என்றாள் சடைச்சி.

ராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கென்று நிலையாக ஒரு கொல்லை தருகிறேன், எது வேண்டும் காட்டு என்றார்.

அவள் மண்மேட்டைக் காட்டினாள். "என் புருஷன் கிடக்கிற இடம் இருக்கு ராசா. அதை மட்டும் யாரும் குலுக்கல்ல போடமாட்டாங்க."

நாளை கைவிட்டுப் போகும் நிலத்துக்கு இன்று முதுகொடிய உழைக்கச் சொல்கிறவன், முதலில் அந்த நிலத்தை உழைக்கிறவருக்கே உறுதியாக்க வேண்டும்.